கபடி ஆடும் பிள்ளைகளுக்கு டேக் ரக்பி

ரக்பி என்றதும் பெற்றோருக்கு நினைவுக்கு வருவது உடைந்த பல்லும் இறங்கிய தோள்பட்டையும்தான். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது. டேக் ரக்பியின் பெல்ட்டைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட், இரண்டு பக்கமும் வெல்க்ரோவில் ஒட்டித் தொங்கும் ஒவ்வொரு பட்டை, அதுதான் டேக். பந்தோடு ஓடுகிறவரின் டேக்கை எதிரணியில் ஒருவர் உருவிவிட்டால் ஆளைப் பிடித்ததாகக் கணக்கு. தள்ளுவது, இழுப்பது, மடக்குவது, பந்தை உதைப்பது எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் 7, 8 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் இதை மட்டும்தான் ஆட விடுகிறார்கள். ஆளைப் பிடித்துச் சாய்ப்பது 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் தொடங்கும். நம் ஊரில் முதன்முதலாக ரக்பி பந்தைத் தொடும் பிள்ளைக்கு 12 வயதே ஆகியிருந்தாலும் இதில்தான் தொடங்க வேண்டும்.

நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது, பழக்கம்தான் சிக்கல். கபடி ஆடிய கை தானாக மணிக்கட்டுக்கும் தொடைக்கும் போகும். ‘ஆளைத் தொடாதே’ என்று எத்தனை முறை கத்தினாலும் ஓடுகிற ஓட்டத்தில் காதில் ஏறாது. கை டேக்கைத் தேடிப் போகும்படி வகுப்பை அமைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான்.

சாமான்கள்

40 பேர் உள்ள வகுப்புக்கு 40 பெல்ட், இரண்டு நிறங்களில் 80 டேக் (உதிரியாகப் பத்து), 8 பந்துகள், 30 கோன் (எல்லை குறிக்கும் கூம்பு). பந்து 9 வயது வரை 3-ஆம் அளவு, அதற்கு மேல் 4-ஆம் அளவு. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் அளவுப் பந்தைச் சின்னக் கைகளில் கொடுத்தால் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்களே தவிர, பாஸ் போட மாட்டார்கள். காற்று அடிக்கும்போது பம்ப் ஊசியைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொள்ளுங்கள். வறண்ட ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

காசு குறைவாக இருந்தால் முதலில் பந்து வாங்குங்கள், பெல்ட் பிறகு வரட்டும். 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் துணியைக் கிழித்து, 10 செ.மீ. அளவுக்கு டிராக் பேன்ட் எலாஸ்டிக்கில் செருகினால் மீதி வெளியே தொங்கும். எக்காரணம் கொண்டும் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சைப் பிடித்து இழுத்தால் துணி வராது, பிள்ளைதான் வரும். அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் இருப்பார்கள். வெள்ளிக்கொடியாக இருந்தால் தோலை அறுத்துவிடும், பார்த்து எடுத்துவிடுங்கள். எலாஸ்டிக் இல்லாத சீருடை என்றால், உள்ளூர் தையற்காரரிடம் எலாஸ்டிக் பட்டையில் வெல்க்ரோ தைத்து வாங்கிக்கொள்ளலாம்.

பெல்ட் கட்டியதும் மூன்றைப் பாருங்கள். டேக் இரண்டும் இடுப்பின் பக்கவாட்டில் தொங்க வேண்டும். முன்னால் வந்தால் எதிராளியின் கை வயிற்றில் படும். சட்டை உள்ளே செருகியிருக்க வேண்டும். சுடிதார் என்றால் துப்பட்டாவை எடுத்துவிட்டு, டாப்ஸின் மேலேயே பெல்ட்டைக் கட்டுங்கள். பெல்ட்டின் மிச்ச நுனி தொங்காமல் செருகியிருக்க வேண்டும். விரல் சுளுக்குவது பெரும்பாலும் அந்த நுனியில் மாட்டித்தான். வளையல், கொலுசு, தொங்கும் தோடு, கடிகாரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். நகமும் வெட்டியிருக்க வேண்டும்.

முதல் பயிற்சி வகுப்பில் பந்து வேண்டாம்

கோன் வைத்து 15 மீட்டர் சதுரம் ஒன்று. உள்ளே 20 பேர், எல்லோருக்கும் இரண்டு டேக். விசில் ஊதியதும் யார் வேண்டுமானாலும் யாருடைய டேக்கையும் உருவலாம். 45 விநாடியில் நிறுத்தி, கையில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மறுபடி ஒட்டி, மறுபடி ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே எல்லாத் திருட்டு வேலையும் வெளியே வரும். டேக்கைக் கையால் மூடிக்கொள்வது, அரைக்கால் சட்டைக்குள் சுருட்டி வைப்பது, பம்பரம்போல் சுற்றுவது. மூன்றையும் அன்றைக்கே நிறுத்துங்கள். மூடினால் டேக்கைக் கொடுத்துவிட வேண்டும். சுற்றுவதைத் தடுப்பதற்குக் காரணம் உண்டு: டேக்கை எடுக்கக் குனிந்தவரின் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் சுற்றுகிறவரின் முழங்கை வரும்.

டேக் எடுக்கும் முறையை மெதுவாகச் செய்துகாட்டுங்கள். கண் பந்தின் மேலோ முகத்தின் மேலோ இருக்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். ஓடுகிறவர் தலையாலும் கையாலும் ஏமாற்றலாம், இடுப்பு ஏமாற்றாது. நேருக்கு நேர் போகாமல் ஒரு பக்கமாகப் போய், முழங்காலை மடக்கி, ஒரே கையால் கீழ்நோக்கி உருவ வேண்டும். இரண்டு கையையும் நீட்டினால் அது கட்டிப்பிடிப்பதில் போய்த்தான் முடியும். கபடிப் பிள்ளைகளுக்கு மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆடச் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கை திருந்திவிடும்.

உருவியபின் செய்வதுதான் இன்னும் முக்கியம். அதே இடத்தில் நின்று, டேக்கைத் தலைக்கு மேல் தூக்கி, ‘டேக்!’ என்று கத்தி, உரியவரின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். தரையில் வீசக் கூடாது. மைதானத்தில் வரும் சண்டைகளில் பாதி, வீசிய டேக்கைக் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும் பிள்ளையின் கோபத்தில்தான் தொடங்குகிறது. வீசினால் எதிரணிக்கு ஃப்ரீ பாஸ் (யாரும் தடுக்காமல் பாஸ் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது). முதல் நாளிலிருந்தே கறாராக இருங்கள்.

பின்னால் பாஸ்: யாரைத் திருத்துவது?

ரக்பியில் பந்தோடு முன்னால் ஓடலாம், முன்னால் எறியக் கூடாது. கூடைப்பந்தும் எறிபந்தும் ஆடிய பிள்ளைகளுக்கு இது தலைகீழ். நான்கு பேரை வரிசையாக நிறுத்தி, நடந்துகொண்டே பக்கவாட்டில் பாஸ் போட வைப்பது வழக்கமான பயிற்சி. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதில் நேரம் போக்க வேண்டாம். வரிசையில் அழகாகப் போடுவார்கள். ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் பந்தைச் சுற்றிக் கூடிவிடுவார்கள்.

எறியும் முறை எளிது. பந்தின் இரு பக்கமும் விரல்களை விரித்துப் பிடி, இடுப்பு உயரத்தில் உடலுக்குக் குறுக்காக வீசு, பந்து போனபின் விரல் நுனிகள் வாங்குகிறவரைக் காட்டட்டும். வாங்குகிறவர் கையை முன்கூட்டியே நீட்டியிருக்க வேண்டும். பந்தைச் சுழற்றி எறிவதெல்லாம் இப்போது வேண்டாம்.

பாஸ் முன்னால் போனால் பயிற்சியாளர் எறிந்தவரைத் திட்டுவார். பெரும்பாலும் தப்பு வாங்குகிறவருடையது. உற்சாகத்தில் பந்தைத் தாண்டி ஓடிவிடுவார். எறிகிறவருக்கு வேறு வழி இருக்காது. ஆகவே ‘பின்னால் போடு’ என்பதை விட்டுவிட்டு, கூட ஓடுகிறவரிடம் ‘பந்துக்குப் பின்னால் நில்லு’ என்று சொல்லுங்கள். இரண்டு மீட்டர் பின்னால், மூன்று மீட்டர் பக்கத்தில் ஓடினால் போதும்.

இதைப் பழக இரண்டுக்கு ஒன்று. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் ஒரு கட்டம். இரண்டு பேர் பந்தோடு ஒரு முனையில், ஒரு தடுப்பாளர் நடுவில். பந்து வைத்திருப்பவர் தடுப்பாளரை நோக்கியே ஓட வேண்டும். விலகி ஓடினால் தடுப்பாளர் நகராமலே இருவரையும் பார்த்துக்கொள்வார். தடுப்பாளர் பந்து வைத்திருப்பவர் பக்கம் திரும்பி டேக்குக்குக் கை நீட்டும் நொடியில் பாஸ் போனால், மற்றவருக்கு முன்னால் வெறும் மைதானம். சீக்கிரம் போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ‘கை நீட்டட்டும், அப்புறம் போடு’ என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஆட்டம்

மூன்றாவது பயிற்சி வகுப்பிலேயே ஆட்டம் வைத்துவிடலாம். பக்கத்துக்கு 5 பேர், 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இதைவிடக் குறுகினால் எல்லோரும் நடுவில் முட்டிக்கொள்வார்கள். அகலம் அதிகமானால் வகுப்பிலேயே வேகமான பையன் ஓரமாக ஓடி ஒவ்வொரு முறையும் ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) வைத்துவிடுவான். ட்ரை கோட்டுக்கு அப்பால் குறைந்தது 5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியதும் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். மதில், கொடிக்கம்பம், சைக்கிள் ஸ்டாண்டு எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் இரண்டு ஆடுகளம் போட்டு, ஆறு ஆறு நிமிடமாக அணிகளை மாற்றுங்கள்.

நடுவில் ஃப்ரீ பாஸோடு தொடக்கம். எதிரணி 7 மீட்டர் பின்னால். டேக் போனவர் மூன்று காலடிக்குள் நின்று, மூன்று விநாடிக்குள் பாஸ் போட வேண்டும். பிறகு தன் டேக்கை வாங்கி ஒட்டிக்கொண்டுதான் மறுபடி ஆட வேண்டும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் தடுக்கும் அணி பந்துக்குத் தன் பக்கம் வந்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் எதிரணிக்குள்ளேயே நின்று பாஸைத் தட்டிப் பறிப்பார்கள், ஆட்டம் குலைந்துவிடும். நடுவர் பந்துக்குப் பக்கத்திலேயே ஓடி, ‘டேக்! பாஸ்! பின்னால் வா!’ என்று விடாமல் குரல் கொடுக்க வேண்டும். விசிலைவிட வாய்தான் இங்கே வேலை செய்யும். ஆறு டேக்குக்குள் ட்ரை இல்லையென்றால் அடுத்த டேக்கில் பந்து கைமாறும். கோட்டைத் தாண்டி, நின்ற நிலையில் குனிந்து பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை. பாய்ந்து விழக் கூடாது.

பந்து கைநழுவினால்? விதிப்படி கறாராக ஊதினால் தவறவிட்ட பிள்ளைக்கு அதன்பிறகு யாரும் பந்தே கொடுக்க மாட்டார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் அதே அணிக்கே ஃப்ரீ பாஸ் கொடுத்துவிடுங்கள். கை பழகியபின் எதிரணிக்கு மாற்றலாம். எப்படியானாலும் கீழே கிடக்கும் பந்தின் மேல் இரண்டு பேர் பாய அனுமதிக்காதீர்கள். இந்த ஆட்டத்தில் மண்டையோடு மண்டை மோதுவது டேக் எடுக்கும்போது அபூர்வம். தரையில் உருளும் பந்துக்குக் குனியும்போதுதான் அதிகம். தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒண்ணுமில்ல சார்’ என்று சொன்னாலும் அன்று மறுபடி ஆடக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும். வாந்தி, தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை.

ஆணும் பெண்ணும் 12 வயது வரை சேர்ந்தே ஆடலாம். ஒரே ஆள் எல்லா ட்ரையும் வைப்பதைத் தடுக்க ஒரு வழி: ஒருமுறை ட்ரை வைத்தவர், அணியில் மற்ற இருவர் வைக்கும்வரை மறுபடி வைக்க முடியாது. வேகக்காரர் அப்போதுதான் பாஸ் போடக் கற்றுக்கொள்வார்.

பள்ளிக்கு வெளியே

தெருவிலும் ஊராட்சி மைதானத்திலும் தொடங்கும்போது காலை 6.30-க்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின். நான்கு பெரியவர்கள் முன்கூட்டியே நடந்துபோய்க் கண்ணாடித் துண்டு, கருவேல முள், கல் பொறுக்க வேண்டும். கடற்கரை என்றால் ஈர மணல் பகுதி நல்லது, விழுந்தாலும் வலிக்காது.

‘இது வெள்ளைக்காரன் ஆட்டம்’ என்று யாராவது சொன்னால், 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் என்று சொல்லுங்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதும் கல்கத்தா கோப்பையே, கலைந்துபோன கல்கத்தா ரக்பி கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்ததுதான்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் டேக்குகளை நிறவாரியாக எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். வெல்க்ரோவில் புல்லும் மணலும் ஏறினால் பிடிப்பு போய், ஓடும்போதே டேக் தானாக உதிரும். பிறகு உருவினாரா விழுந்ததா என்று வழக்கு வரும். பழைய பல்துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்த்தால் இரண்டு மூன்று வருஷம் ஓடும்.