நிருபங்களின் வாழ்த்துரையை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதபாடம் எடுக்கப் பழகும் தம்பி தங்கைகள் பவுலின் நிருபத்தை, அதாவது அவர் எழுதிய கடிதத்தை, திறந்ததும் முதல் சில வசனங்களை வேகமாக வாசித்துவிட்டு, "சரி, விஷயத்துக்கு வருவோம்" என்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் தாண்டிப் போவேன். பெயர்களைத் தப்பாக உச்சரிப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

வாழ்த்துரையை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பது

அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதம் எழுதுகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், ஒரு வாழ்த்து என்றுதான் தொடங்கும். அப்போஸ்தலர் 23:26இல் ரோமச் சேனாதிபதி லீசியா தேசாதிபதி பேலிக்ஸுக்கு எழுதுவதைப் பாருங்கள், ஒரே வரி. பவுலும் அதே முறையில்தான் தொடங்குகிறார், ஆனால் நடுவில் நிறையச் சேர்க்கிறார். அப்படி அவர் சேர்ப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் கலாத்தியரை 1:6இலிருந்து தொடங்கினார். நன்றாகத்தான் போனது. ஆனால் 11ஆம் வசனத்துக்கு அப்புறம் பவுல் ஏன் தன் கதையைச் சொல்கிறார், அரபி தேசத்துக்குப் போனது, 3 வருஷம் கழித்து எருசலேமில் பேதுருவிடம் 15 நாள் தங்கியது என்று ஏன் கணக்குச் சொல்கிறார் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. "பவுல் இங்கே தன் சாட்சியைப் பகிர்கிறார்" என்று முடித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பதில் முதல் வசனத்திலேயே இருக்கிறது: "மனுஷராலுமல்ல, மனுஷர் மூலமாயுமல்ல". பவுலுடைய அப்போஸ்தல ஊழியத்தை மனிதரிடம் வாங்கியது என்று யாரோ குறைத்துப் பேசியிருக்க வேண்டும், அதற்குத்தான் பெயரைச் சொன்ன கையோடு மறுப்பும் சொல்கிறார். 4ஆம் வசனத்தில் கிறிஸ்து நம் பாவங்களுக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்கிறார். யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனமும் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுக்கு எதிரான வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது, 2:21 வரைக்கும் வாசித்தால் தெரியும். அப்புறம், மற்ற சபைகளுக்கு வாழ்த்தை அடுத்து வழக்கமாக வரும் நன்றியோ ஸ்தோத்திரமோ இங்கே இல்லை. 5ஆம் வசனத்தில் ஆமென், 6ஆம் வசனத்தில் கண்டிப்பு. வாழ்த்துரையை விட்டவருக்கு இந்த வேகம் எப்படித் தெரியும்?

"கிருபையும் சமாதானமும்" என்று எல்லா நிருபத்துக்கும் ஒரே பிரசங்கம்

வேண்டாம்.

யாருக்கு என்று பார்க்காமல் போவது

பிலேமோன் நிருபத்தில், அவனுடைய அடிமையான ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்பது பவுல் பிலேமோனிடம் கேட்கும் காரியம். ஆனால் வாழ்த்துரையில் அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடும் சபை எல்லாரும் இருக்கிறார்கள். சபை கேட்டுக்கொண்டிருக்கும்போது பிலேமோன் முடிவெடுக்க வேண்டும்! பவுலும் அங்கே தன்னை அப்போஸ்தலன் என்று சொல்லவில்லை, கட்டுண்டவன் என்கிறார். கட்டளையிடாமல் மன்றாடுகிறேன் என்று 8, 9 வசனங்களில் சொல்லப்போகிறவர் அல்லவா.

கூட இருப்பவர்களை மறப்பது

வாழ்த்துரைகளில் பவுலின் பெயரோடு சேர்ந்து வருகிறவர்கள்: சொஸ்தெனே, சில்வான், தீமோத்தேயு. பெயரையாவது சொல்லுங்கள்.

எபேசியர் 1:1ஐ வைத்து ஊர் வரலாறு சொல்வது

சீனாய், வத்திக்கான் பிரதிகள் உட்பட மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனத்தில் முதலில் ஊர்ப்பெயரே எழுதப்படவில்லை. பல சபைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போன நிருபமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் நினைக்க இதுவும் ஒரு காரணம். எபேசுவில் இருந்த தியானாள் தேவியின் கோயிலைப் பற்றிப் பேச ஆசையா, அப்போஸ்தலர் 19க்குப் போங்கள்.