படிவக் கூறுகளுக்கு சிஎஸ்எஸ் எழுதும்போது பிரவுசர் எதை விட்டுத்தரும், எதை விட்டுத்தராது

மயிலாப்பூரில் உள்ள ஒரு சிறிய சபாவின் மார்கழிக் கச்சேரிகளுக்கு முன்பதிவுப் படிவம் செய்துகொடுத்தபோது, பக்கம் முழுவதும் முக்தா மலர் எழுத்துருவில் சீராக வந்திருந்தும், ‘முன்பதிவு செய்க’ என்ற பொத்தான் மட்டும் சிறுத்துப்போய் வேறொரு எழுத்துருவில் நின்றது. வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பக்கத்துக்கென்று கொடுத்த எழுத்துருவைப் பத்திகளும் தலைப்புகளும் தாமாகவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, டிராப்டவுன், பல வரிப் பெட்டி ஆகியவற்றுக்குப் பிரவுசரே தன் சொந்த நடைத்தாளில் (சிஎஸ்எஸ் விதிகளின் தொகுப்பில்) தனி எழுத்துருவையும் அளவையும் எழுதி வைத்திருக்கிறது. குரோமில் அந்த அளவு பொதுவாக 13.333 பிக்சல். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், இயங்குதளம் தன்னிடம் உள்ள ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு நிரப்பிவிடும். ஆங்கிலப் படிவத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இந்த வேறுபாடு தமிழில் உடனே கண்ணை உறுத்தும்.

ஆகவே முதல் வேலையாக, இந்த நான்கு கூறுகளுக்கும் ‘ஃபான்ட்’ பண்பின் மதிப்பை, பக்கத்தின் எழுத்துருவையே ஏற்கச் சொல்லும் ‘இன்ஹெரிட்’ என்று எழுதுங்கள். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால், ஐஃபோன் சஃபாரியில் பெட்டியைத் தொட்டவுடன் பக்கமே பெரிதாகி நகர்ந்துவிடும். உயரத்தை ஒரே எண்ணாக இறுக்கிக் கட்டாமல், குறைந்தபட்ச உயரமும் உள் இடைவெளியும் கொடுங்கள். ‘கீ’யின் மேற்சுழியும் ‘ழூ’வின் கீழ்க்கோடும் வெட்டுப்படாமல் இருக்க இதுவே வழி.

அடுத்து அகலம். டிராப்டவுனுக்கும் பெயர்ப் பெட்டிக்கும் ஒரே அகலம் கொடுத்தும் இரண்டும் சமமாக நிற்காததற்குக் காரணம், டிராப்டவுன் தன் விளிம்பையும் உள் இடைவெளியையும் அந்த அகலத்துக்குள்ளேயே அடக்கிக்கொள்ள, எழுத்துப் பெட்டி அவற்றை வெளியே கூட்டிக்கொள்வதுதான். எல்லாக் கூறுகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்’ பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ ஆக்கினால் தீர்ந்தது.

இனி தோற்றம். பொத்தானுக்கோ எழுத்துப் பெட்டிக்கோ நீங்கள் பின்னணி நிறமோ விளிம்போ கொடுத்த கணத்திலேயே, பிரவுசர் தன் இயல்பான ஓவியத்தை விலக்கிக்கொண்டு உங்கள் விதிக்கு வழிவிடுகிறது. செக்பாக்ஸும் ரேடியோ பொத்தானும் அப்படி அல்ல. அவற்றுக்கு எத்தனை முறை பின்னணி நிறம் எழுதினாலும் ஒன்றும் நடக்காது. நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால் ‘ஆக்சென்ட்-கலர்’ பண்பை ஒரு வரியில் எழுதுங்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இல் ஏற்ற இந்தப் பண்பை சஃபாரி 2022-இல் 15.4 பதிப்பில் ஏற்றது. நீங்கள் தரும் நிறத்தின் மேல் தெளிவாகத் தெரியும்படி டிக் குறியின் நிறத்தைப் பிரவுசரே தேர்ந்துகொள்ளும். பெரும்பாலான படிவங்களுக்கு இதற்கு மேல் போகத் தேவையில்லை என்பதே என் கருத்து.

போயே ஆகவேண்டும் என்றால் ‘அப்பியரன்ஸ்’ பண்புக்கு ‘நன்’ என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். அப்போது செக்பாக்ஸ் வெறும் பெட்டியாகிவிடும். டிக் குறி மறையும், முடக்கப்பட்ட நிலையின் மங்கலும் மறையும். ஆனால் பயனர் தேர்ந்த பெட்டி தேர்வான நிலையில்தான் இருக்கும். கண்ணுக்கு மட்டுமே தெரியாது. ஆகவே 20 பிக்சல் அகலமும் உயரமும் ஒரு விளிம்பும் கொடுத்து, தேர்வான நிலைக்குப் பின்னணிப் படமாக டிக் குறியையும், முடக்கப்பட்ட நிலைக்குத் தனி நிறத்தையும் நீங்களே எழுதுங்கள். விசைப்பலகையால் வருபவருக்குத் தெரியும் வெளிக்கோட்டை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். இந்த இடத்தில் நான் ஒரு பாடம் கற்றேன். சபாவில் படிவத்தை அச்சிட்டு வைப்பது வழக்கம். பிரவுசர்கள் பொதுவாகப் பின்னணியை அச்சிடுவதில்லை என்பதால், ‘சக்கர நாற்காலி வசதி தேவை’ என்று ரசிகர் தேர்ந்திருந்த பெட்டி தாளில் காலியாக வந்தது. விண்டோஸின் உயர் மாறுபாட்டு நிறங்களைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நாம் தரும் பின்னணி நிறத்தையும் நிழலையும் அந்த முறை அகற்றிவிடும். அச்சுக்கும், ‘ஃபோர்ஸ்டு-கலர்ஸ்’ எனப்படும் அந்த உயர் மாறுபாட்டு நிலைக்கும் தனித்தனி மீடியா விதி (அந்தச் சூழலில் மட்டும் செயல்படும் விதி) எழுதி, பின்னணிப் படத்தை நீக்கி, ‘அப்பியரன்ஸ்’ மதிப்பை மறுபடியும் ‘ஆட்டோ’ ஆக்கிவிடுங்கள். பிரவுசரின் சொந்த செக்பாக்ஸ் திரும்பி வந்துவிடும்.

நன்கொடைத் தொகைக்கு வைக்கும் நகர்த்திக்கு (ஸ்லைடர்) ஒரே ஒரு எச்சரிக்கை. அதன் தடத்துக்கும் குமிழுக்கும் குரோம், சஃபாரிக்கான வெப்கிட் முன்னொட்டுடன் ஒரு பெயரும் ஃபயர்பாக்ஸுக்கான மோஸில்லா முன்னொட்டுடன் இன்னொரு பெயரும் உண்டு. இரண்டையும் காற்புள்ளியிட்டு ஒரே விதியில் சேர்த்தால், மோஸில்லா பெயரை அறியாத குரோம் விதி முழுவதையும் தள்ளிவிடும். விதிகளைத் தனித்தனியாகவே எழுதுங்கள்.

டிராப்டவுனில் மூடிய பெட்டி உங்களுடையது. திறக்கும் பட்டியல் உங்களுடையதன்று. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் கொண்ட பட்டியல் ஆண்ட்ராய்டில் ஒரு விதமாகவும் ஐஃபோனில் இன்னொரு விதமாகவும் திறக்கிறது. கைப்பேசியில் விரலுக்குப் பழகிய அந்தத் தோற்றத்தை மாற்றாமல் இருப்பதே பயனருக்கு நல்லது. பட்டியலையும் அழகுபடுத்தியே தீரவேண்டும் என்றால், 2025-இல் வந்த குரோம் 135 ஏற்றுக்கொண்ட ‘பேஸ்-செலக்ட்’ என்ற ‘அப்பியரன்ஸ்’ மதிப்பை டிராப்டவுனுக்கும் அதன் பட்டியலுக்கும் சேர்த்தே எழுதுங்கள். அந்த மதிப்பை அறியாத பிரவுசர் அந்த வரியைப் புறக்கணித்துவிட்டு வழக்கமான பட்டியலையே காட்டும். அரியலூர் முதல் வேலூர் வரை எல்லா மாவட்டங்களும் அங்கும் தேர்வுக்குக் கிடைக்கும்.