அப்பாவின் கேசட் மறுபடி பாடியது

ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, தனக்குப் பிடித்த பாட்டுகளை அப்பா பதிந்த 90 நிமிட கேசட். பல வருடம் கழித்துப் போட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் அமுங்கிக் கேட்டது. மனசு உடைந்துவிட்டது. பிளேயரில் டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பலனில்லை. அப்புறம்தான் கேசட்டை உற்றுப் பார்த்தேன். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. திருகாணி போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, இரண்டு சுருளையும் டேப்பில் விரல் படாமல் அதற்குள் மாற்றினேன். சரியாகிவிட்டது. அன்றே கணினியிலும் பதிந்துகொண்டேன்.

இரண்டாவது பாட்டின் நடுவே அப்பா, “சத்தம் போடாதேடா, பதிவாகுது” என்கிறார். பின்னால் சிரிப்பது நான்தான். அந்த இடத்தை மட்டும் எத்தனை முறை கேட்டேனோ!