யூரியா மூட்டை இருந்த இடத்தில் ஜீவாமிர்த டிரம்

இயற்கை விவசாயத்துக்கு மாற நினைப்பவர்களில் பலர் முதலில் கேட்பது, "யூரியாவுக்குப் பதிலா என்ன ஊத்தணும்?" என்பதுதான். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் போட்டுக் கலக்கும் ஜீவாமிர்தம் உரமல்ல, நுண்ணுயிர்களைப் பெருக்கும் உறைமோர். மண்ணில் மக்கு, அதாவது மக்கிய இலைதழை, இல்லாவிட்டால் பாலில்லாத சட்டியில் உறை ஊற்றிய கதைதான்.

நஞ்சையில் மக்கு சேர்க்க எளிய வழி தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூ எடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டுமே என்று விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. நானும் விட்டேன். ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்ததில் 60 நாள் தாண்டி, தண்டு விறகாகிவிட்டது. டிராக்டரின் ரோட்டவேட்டர் கத்திகளில் சுற்றிக்கொண்டது. காலில் குத்துகிறது என்று நடவுக்கு வந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நட்ட பயிரோ மூன்று வாரம் மஞ்சளாகவே நின்றது. மக்காத நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாங்களே எடுத்துக்கொள்ளும், அதுவரை பயிர் பட்டினி. மக்காத சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டுவதும் இதே ரகம்தான், கூடவே வேர்ப்புழுவும் வந்து சேரும்.

அப்புறம் அவசரம். 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் அடி வாங்க, நவம்பருக்குள்ளேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுக்கு நேர்ந்ததுதான் மூன்று ஏக்கர்காரருக்கும் நேரும். வீட்டுச் சாப்பாட்டு நெல்லுக்கு மட்டும் அரை ஏக்கரில் தொடங்கலாம், மண் புழு தெரியத் தொடங்கிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

விதை விஷயத்தில் பெயருக்கு மயங்குகிறோம். காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல் 180 நாள் நிற்கும், ஆளுயரம் தாண்டும். தண்ணீர் சீக்கிரம் நின்றுபோகும் கடைமடைக்கு, வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, அது எதற்கு? குறுகிய காலப் பட்டமான குறுவைக்கு, சீக்கிரம் விளையும் பூங்கார் நெல் போதும். உயரமான ரகத்துக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் கார்த்திகை மழையில் வயலே பாய் விரித்துப் படுத்துவிடும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. எனக்கு அதில் பிடித்தது அந்த 2 கிலோ அளவுதான். நம் மண்ணில் சோதித்துப் பார்க்க அவ்வளவு போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசலை உச்சி வெயிலில் அடிப்பது வீண், வெயிலில் அதன் வீரியம் போய்விடும். சாயங்காலம் அடியுங்கள், அதுவும் பூச்சி இருந்தால் மட்டும். சிலந்தியும் பொறிவண்டும் வயலில் நிறைய இருந்தால் சும்மா இருப்பதே நல்லது.

விற்பனையை அறுவடைக்குப் பிறகு யோசிப்பதுதான் கையைக் கடிக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் மாப்பிள்ளை சம்பா போன்ற பாரம்பரிய சிவப்பரிசி நெல்லுக்குத் தனி விலை கிடையாது. அரிசியாக விற்பது என்றால் விதைக்கும் முன்பே வாங்கும் வீடுகளைப் பேசி வையுங்கள், மில்லையும் பார்த்து வையுங்கள். பத்து மூட்டைக்காக மில்லைத் துடைத்து ஓட்ட யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை. முன்னால் அரைத்த வெள்ளையரிசி உங்கள் சிவப்பரிசியோடு கலந்து வரும், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து முறத்தில் பொறுக்க வேண்டியதுதான்.