ஆக்ஸிஜன் மெஷினைக் கழுவி மாட்டியபின் குமிழியை மட்டும் நம்பாதீர்கள்

அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷினில், மூக்குக்குப் போகும் ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலை நானே கழுவி மாட்டினேன். மெஷின் ஓடியது, பாட்டிலில் குமிழியும் வந்தது. அரைமணி நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 84 சதவீதம்தான் காட்டியது. உடனே சிலிண்டருக்கு மாற்றிவிட்டோம். காரணம் தெரிய எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. அதை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

1. ஃபில்டர்

முதலில் மாற்று சிலிண்டரைத் திறந்து, மூக்கு டியூபை அதில் மாட்டிவிட்டு, பிறகு மெஷினை நிறுத்தி பிளக்கைப் பிடுங்குங்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டவே கூடாது. ஒரு மெஷினுக்கு இரண்டு ஃபில்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காயும்போது மற்றது ஓடும். உள்ளே இருக்கும் ஃபில்டர் சர்வீஸ்காரர் வேலை, அதைத் தொடாதீர்கள்.

2. தண்ணீர் பாட்டில்

தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்றினால், பழைய தண்ணீரில் வளர்ந்த கிருமி அப்படியே இருக்கும். சோப்பு போட்டுக் கழுவ, குழந்தைகளின் பால் பாட்டில் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களை ஸ்க்ரப்பர் வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். டெட்டால் வேண்டவே வேண்டாம், அந்த வாடை நேராக மூச்சில் போகும்.

ஊற்றுவது மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டராக இருக்கட்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்ட அறிவுரையிலும் ஈரப்படுத்தும் பாட்டிலுக்குச் சுத்தமான ஸ்டெரைல் தண்ணீர் என்றே இருந்தது. குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் அதற்கு ஈடாகாது.

இல்லத்தில் பலருக்கு மெஷின் ஓடும். ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் கழுவிய தேதியும் எழுதுங்கள். ஒருவர் பாட்டில் இன்னொருவருக்குப் போகவே கூடாது.

3. மூடி (இதில்தான் நான் தவறினேன்)

மூடி மரையில் கோணலாக ஏறியிருந்தது. பார்வைக்கு இறுக்கமாகவே இருந்தது. ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் இறங்கிக் குமிழியாக மேலே வந்து, டியூபுக்குப் போகாமல் மூடி இடுக்கு வழியே கசிந்துவிட்டது. ஆக்ஸிஜன் ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டரில் குண்டு சரியாக நின்றது, ஏனென்றால் கசிவு அதற்கு அப்புறம்தான். ஆகவே குமிழியும் குண்டும் சரியாக இருந்தும் மூக்குக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

இப்போது நான் செய்வது: மூடியை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றி, மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் திருகுவேன். மெஷினை ஓடவிட்டு டியூபை மடித்துப் பிடிப்பேன். சில நொடிகளில் பாட்டிலின் வால்வு விசில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கோ கசிவு, கழற்றி மறுபடி மாட்டுவேன். உங்கள் பாட்டிலில் விசில் வால்வு இல்லையென்றால், மூக்கு டியூபின் நுனியைச் சுத்தமான தண்ணீர் டம்ளரில் முக்குங்கள். அங்கே குமிழி வந்தால் சரி. துடைத்துவிட்டு மாட்டுங்கள், பத்து நிமிடம் கழித்து ஆக்ஸிமீட்டரைப் பாருங்கள்.

4. மூக்கு டியூப்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். சளி பிடித்துக் குணமானால் அன்றே மாற்றுவோம். கழற்றியதைத் தரையில் போடாமல் சுத்தமான பையில் வையுங்கள்.

பின்சேர்க்கை: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது மூச்சுக்காகத் தயாரித்தது அல்ல.

இன்னொருவர், பாட்டிக்கு மூக்கு காய்ந்து வெடித்ததால் தேங்காய் எண்ணெய் தடவுவதாக எழுதியிருந்தார். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெயும் வாசலினும் எளிதில் தீப்பற்றும். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணியும் கூடாது. மூக்குக்குத் தண்ணீரில் கரையும் ஜெல் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டு அதை வாங்கிக்கொடுங்கள்.