'பை' வந்தால் தேதியா, ஆளா? பிரிட்டனில் வரும் கடிதங்களைப் படிக்க

பிரிட்டனுக்கு வந்த சில வாரங்களிலேயே கவுன்சில், வேலையிடம், வீட்டு ஏஜென்ட் என்று கடிதங்கள் வரத் தொடங்கும். பெரிய சொற்களை அகராதியில் பார்த்துவிடலாம். ஆளைத் தடுமாற வைப்பது 'பை' (by) என்ற சின்ன ஆங்கிலச் சொல்தான். இந்த வரியைப் பாருங்கள்:

'த ஃபார்ம் மஸ்ட் பி சைன்ட் பை யுவர் லேண்ட்லார்ட் அண்ட் ரிடர்ன்ட் பை 12 மே.'

முதல் 'பை'க்குப் பின்னால் ஆள்: வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்ததற்குப் பின்னால் தேதி: மே 12க்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டால் பிந்திவிடும்.

சரி, திருப்பி அனுப்புவது யார்? வரியில் இல்லை. செயப்பாட்டு வினையில் செய்பவரைச் சொல்லாமலே விட்டுவிடலாம். 'மஸ்ட் பி' என்று வந்து ஆளையும் குறிப்பிடாவிட்டால், அது பெரும்பாலும் உங்கள் வேலை. யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டால் கெடு தவறிவிடும்.

காலத்தை 'பி' (be) என்ற வினையின் வடிவத்தில் தேடுங்கள். 'இஸ் பீயிங் கன்சிடர்ட்' என்றால் பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்கலாம். 'ஹாஸ் பீன் ரிஃப்யூஸ்ட்' என்றால் மறுத்தாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று உடனே பாருங்கள். 'வில் பி டிடக்டட்' என்றால் பணத்தை இனிமேல்தான் பிடிப்பார்கள். 'டிடக்டட்' என்ற வினை வடிவத்தை மட்டும் பார்த்து, பிடித்துவிட்டார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. செயப்பாட்டு வினையில் அந்த வடிவம் மூன்று காலத்துக்கும் பொது.

'பை ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்குள் முடித்தால் போதும். 'அன்டில் ஃபைவ்' என்றால் ஐந்து மணி வரை வேலை தொடர வேண்டும். மேலாளரிடம் 'ஐ வில் ஃபினிஷ் இட் அன்டில் ஃபைவ்' என்று சொல்லாதீர்கள். அங்கே 'பை' வர வேண்டும்.

'விதின்' (இத்தனை நாளுக்குள்) என்று வந்தால் நாட்களை எண்ண வேண்டும். இங்கிலாந்தில் கார் கண்ணாடியில் ஒட்டும் கவுன்சில் பார்க்கிங் அபராதத்துக்கு 28 நாள் தவணை. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 'பிகினிங் வித் த டேட்' என்று இருந்தால் அந்தத் தேதியே முதல் நாள். மார்ச் 1 அன்று ஒட்டினால் 14ஆம் தேதியோடு சலுகை முடிந்தது, 15 அன்று முழுத் தொகை. 'ஆஃப்டர் த டேட்' என்று இருந்தால்தான் மறுநாளிலிருந்து எண்ணலாம்.