மலைவீட்டுக் கோடையும் இரண்டு மாதக் குட்டியும்

ஏப்ரல் பிறந்ததும் சமவெளியின் வெக்கைக்குத் தப்பிக் கொடைக்கானல் வீட்டுக்குக் கிளம்புகிற குடும்பங்களில் சில, அதே விடுமுறையில்தான் பிள்ளைகளுக்காக நாய்க்குட்டி ஒன்றையும் வாங்குகின்றன. பள்ளி திறக்கும்வரை வீட்டில் யாராவது ஒருவர் எந்நேரமும் குட்டியுடன் இருக்க முடியும் என்பதால் இது நல்ல யோசனைதான். ஆனால் தாயைப் பிரிந்த வாரத்திலேயே குட்டியை மலையேற்றக் கூடாது. பத்து நாளாவது ஊர் வீட்டில் வைத்திருந்து, உங்கள் குரலும் கையும் அதற்குப் பழகிய பிறகு அழைத்துச் செல்லுங்கள். குட்டியை வாங்கும்போதே தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, தாயின் வாசம் போகாதபடி துவைக்காமல் அப்படியே மலைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடப்படும். அதாவது, உங்கள் விடுமுறையின் பெரும்பகுதியில் குட்டிக்கு முழுப் பாதுகாப்பு இருக்காது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், தெருநாய்கள் திரியும் ஏரிச்சாலையிலும் தேநீர்க் கடை வாசலிலும் குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே செல்லுங்கள். வேடிக்கை பார்க்கட்டும்; அதுவும் அந்த வயதில் அவசியமான பாடம். அடுத்த ஊசி மலையில் இருக்கும்போது வருமானால், அங்குள்ள கால்நடை மருத்துவர் யார், இரவில் அழைத்தால் பார்ப்பாரா என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பயணத்தில் நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு அதிகாலை ஐந்து மணிக்கு வயிறு நிறையப் பாலும் இட்லியும் கொடுத்துக் கிளப்பினோம். வத்தலக்குண்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மூன்று முறை வாந்தி எடுத்தது; அதன்பின் நான்கு மாதம் கார்க் கதவு திறந்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் செல்வது நல்லது. 2024 மே மாதம் முதல் மலைக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்; இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் குட்டியோடு வெயிலில் நிற்க நேரும். வெள்ளி அருவிப் பக்கம் குரங்குகள் அதிகம், அங்கே கதவைத் திறக்காதீர்கள்.

முதல் இரவுதான் கடினமானது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மே மாதத்திலும் இரவு குளிரும்; சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வறண்ட நிலத்து நாய்களுக்கு மயிரும் மெல்லிது, உடலில் கொழுப்பும் குறைவு. எங்கள் குட்டி அன்று இரவு சாக்குத் துண்டின்மேல் சுருண்டு, மூக்கைப் பின்னங்காலுக்குள் புதைத்துப் படுத்திருந்தது. காதுமடலைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தரையில் பலகை, அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் பழைய கம்பளி என்று போட்டு, உங்கள் கட்டிலை ஒட்டியே படுக்க வையுங்கள். அழுதால் கையைக் கீழே தொங்கவிட்டு மோந்து பார்க்க விடுங்கள், போதும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது என்பதால், நடு இரவில் ஒருமுறையாவது எழுந்து, தினமும் தோட்டத்தின் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். குளிருகிறதே என்று அடைத்த அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கிவிடாதீர்கள். அந்தப் புகை குட்டியை மட்டுமல்ல, மனிதர்களையும் கொல்லும்.

விருந்தாளிகள் வாங்கிவரும் சாக்லேட், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இரண்டுமே இந்த ஊரின் பெருமைகள். இரண்டுமே நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவற்றையும் சேர்த்து எட்டாத உயரத்தில் வையுங்கள். தோட்டத்தில் மணிபோலக் கவிழ்ந்து தொங்கும் பெரிய பூக்களைக் கொண்ட ஊமத்தை வகைச் செடியும், ஹைட்ரேஞ்சியாவும் இருந்தால் அந்தப் பக்கம் வேலி கட்டிவிடுங்கள். குட்டி கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும் வயது அது.

வேலி இல்லாத தோட்டத்தில் கயிறின்றி விடவே கூடாது. காட்டுமாடுகள் பகலிலேயே ஊருக்குள் வந்துபோகின்றன. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இருட்டிய பிறகு சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்லும்போதும் விளக்கும் கயிறும் கையில் இருக்கட்டும். புல்லில் விளையாடி வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கருத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோடை மழையின் முதல் இடி பிற்பகலில்தான் பெரும்பாலும் வரும். வானம் கறுக்கும்போதே குட்டியை உள்ளே கொண்டுவந்து, திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பிடித்ததைச் சிறுசிறு துண்டாகக் கொடுத்துக்கொண்டே அருகில் உட்காருங்கள். உங்கள் குரலில் பதற்றம் தெரியக் கூடாது.

குளிருக்குப் பழகிவிட்ட குட்டிக்கு, ஊர் திரும்பும்போது வெயில்தான் பெரிய சோதனை. விடியும் முன்னே இறங்கத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். வழியில் எதற்காக நிறுத்தினாலும் ஒருவர் காரிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு நிழலில் நிற்கட்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஐந்து நிமிடம்கூட அதைத் தனியாக விடாதீர்கள்.